உபயம் என்னும் எழுத்து

ஆசிரியர் சங்கத்தார் ஒன்றுகூடி, தங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் பத்து பெஞ்சுகள் செய்து கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளக்காரரும் ஓய்வூதியக்காரரும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணம் அது. நல்ல காரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் பெஞ்சின் முதுகில் வெள்ளைப் பெயின்டால் "உபயம்" என்று எழுதி, கீழே கொடுத்தவர் பெயரையும் எழுதிவிடுகிறார்கள். எழுதலாமா?

இதில் என்ன தப்பு என்று பலர் கேட்கக்கூடும். உபயம் எழுதி எழுதியே குழல்விளக்கின் வெளிச்சம் மறைந்த கதை நமக்குப் புதிதன்று, சிரித்துவிட்டுப் போகிறோம். விளக்குக்கு மானம் இல்லை. பிள்ளைக்கு உண்டு. எழுத்துக்கூட்டப் பழகும் சிறுவன் தன் முன்னே உள்ள பெஞ்சின் முதுகைத்தானே நாள் முழுவதும் பார்க்கிறான்? அவன் தானாகப் படிக்கும் முதல் வார்த்தை அதுவாகவே இருக்கலாம்.

பெயர் போட்டால்தானே நாலு பேர் முன்வருவார்கள் என்பது ஒரு வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் ஊரறியத்தான் கொடுத்தார்கள். காமராசர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். வீடு வீடாய்ப் போய்க் கேட்டவர்களில் ஆசிரியர்கள் முன்னின்றார்கள். அங்கே பெரியவர்கள் கொடுத்தார்கள், பெரியவர்கள் நன்றி சொன்னார்கள். அதுவே முறை. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயரும் தொகையும் இருக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் உரக்க வாசிக்கவும் வேண்டும். பொதுப் பணத்தில் ஒளிவுமறைவு கூடாது. நன்றிக் கடனைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

மேலும், ஆசிரியர் கொடுப்பது வியாபாரி கொடுப்பதைப் போன்றதன்று. வியாபாரி கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். ஆசிரியரோ மறுநாள் காலையில் அதே பிள்ளையின் முன் நிற்பவர்; அவன் கணக்கைத் திருத்துபவர்; தவறினால் கண்டிப்பவர். "இவர் வாங்கித் தந்த நோட்டில் தப்பாய் எழுதிவிட்டோமே" என்று ஒரு பிள்ளை நடுங்கினால், அந்த நோட்டு அவனுக்கு உபகாரமா, பாரமா? புரியவில்லை என்று எழுந்து சொல்லும் துணிவு அவனுக்கு வருமா? தானம் வாங்கியவன் எதிர்த்துக் கேட்கத் தயங்குவான். பாடம் கற்பவனோ கேட்டே ஆக வேண்டும்.

இந்நாளில் கைபேசிப் படம் வேறு சேர்ந்துகொண்டது. ஒருவர் பையை நீட்டுகிறார், பிள்ளை இரு கையேந்தி வாங்குகிறது, இருவரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளையை அப்படி நிறுத்தச் சம்மதிப்போமா? நாம் சம்மதிக்காததை ஏழை வீட்டுத் தாயிடம் கேட்பதே இல்லை, அவளும் மறுப்பதில்லை. மறுக்க முடியாதவளின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நியாயமன்று.

அரசு செய்ய வேண்டியதை ஆசிரியர் ஏன் செய்ய வேண்டும் என்பாரும் உண்டு. நல்ல கேள்வியே. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது ஊராரின் அரிசியும் பருப்பும் அதற்குத் துணை நின்றன. ஊரார் கொடுத்ததைச் சாக்காக்கி அரசு விலகிவிடவில்லை. தன் பங்கைத் தந்தது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாய் விரிந்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கியது. ஆகவே கொடுப்பது தவறன்று. கொடுத்துவிட்டதால் கேட்காமல் விடுவதே தவறு. பெஞ்சு வாங்கிக் கொடுத்த கையோடு, ஒழுகும் கூரைக்காக அதிகாரிக்கு மனுவும் எழுத வேண்டும். மனு எழுத ஆசிரியரைவிடத் தகுந்தவர் யார்?

பணம் இல்லாதவர் என்ன செய்வது? ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம், வகுத்தல் கணக்கு வராத சிறுமியின் பக்கத்தில் உட்காரட்டும். பொறுமையாய், மறுபடியும் மறுபடியும். அந்த ஒரு மணி நேரத்தின் எந்தப் பக்கத்தில் உபயம் என்று எழுதுவது?

சங்கத்தாரிடம் ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் செலவுப் பட்டியலைப் பார்க்கும்போது, பெயர் எழுதும் கூலியையும் பெயின்ட் டப்பாவையும் அடித்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு வண்ணச் சுண்ணக்கட்டி வாங்கலாம்.