அடகும் மீட்பும்

அடகு வைத்த கம்மலைக் கடனடைத்துத் திருப்புவதும் மீட்புதான். சபையில் ஐயர் பிரசங்கிப்பதும் மீட்புதான்.

காஞ்சிபுரத்தில் இந்தச் சொல் எனக்குத் தறியை ஞாபகப்படுத்தும். கோர்வைப் புடவை ஒரே ஆளால் ஆகாது. கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். வெகுகாலம் அது பிள்ளைகளின் கை. அப்பன் முன்பணம் வாங்குவான், பிள்ளை தறியில் உட்காரும். என் அம்மா அப்படி உட்கார்ந்தவள். கூலியில் பிடித்தம் போய்க்கொண்டேயிருந்தது, கடன் குறையவில்லை.

உன் கடனை ஒருவர் கட்டிவிட்டார், நீ சும்மா வாங்கிக்கொள் என்று ஐயர் சொன்னபோது அவள் நம்பவில்லை. "சும்மா எவன்டா குடுப்பான்? பின்னாடி கணக்கு வரும்" என்றாள்.

வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவ தலித்துக்கு இன்னும் இல்லை. கிருபை இலவசம், சாதிச் சான்றிதழ்தான் விலை! சாதியோ போகவில்லை, எத்தனை ஊர்களில் கல்லறையே தனி.

இலவச அருள் பற்றிய பேச்சு இந்த ஊருக்குப் புதிதல்ல. குரங்குக்குட்டி தாயைப் பற்றுவதுபோல நாமே பற்ற வேண்டும் என்பது தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலை. பூனை தன் குட்டியைத் தானே கவ்வும் என்பது தென்கலை. (கவ்வப்பட்ட குட்டிகளும் வரதராசர் கோயிலில் யார் பாடுவது என்று கோர்ட்டுக்குப் போயின.) 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை மதிலுக்கு வெளியே நின்ற நாம் எந்தக் குட்டி?

எனக்கு இடிக்கிற இடம் வேறு. நான் கடனாளி என்று முதலில் ஒப்புக்கொள்ளணுமாம். யாருக்குக் கடன்? 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனாளியை மன்னிக்கவில்லை. திருப்பித்தரும் பொறுப்பே இல்லை என்றது. மன்னிப்பு வேறு, கணக்கு நோட்டைக் கிழிப்பது வேறு. ஆனாலும் பவுலை விட மனசு வரவில்லை. முற்பிறவி வினைக்குக் கூலி இந்தப் பிறவி என்று நம் தலையில் எழுதிய கணக்கும் அவர் பேச்சில் கிழிகிறது. எவருக்கும் தகுதியில்லை என்றால் மேல்சாதிக்காரனின் பிறப்புத் தகுதியும் அங்கே செல்லாது. சும்மா வாங்கக் கூச வேண்டியவன் அவன்தான்.

எங்கள் சபையில் மற்ற சாதியாரும் உண்டு. திருவிருந்தில் அவர்கள் குடித்த பிறகுதான் கிண்ணம் சேரிக்காரர்களிடம் வரும். ஒரு ஞாயிறு அம்மா முதல் ஆளாகப் போய் மண்டியிட்டாள். ஐயர் தயங்கி, பிறகு கொடுத்தார். முன்வரிசைக்காரர்கள் பலர் அன்றைக்கு எழுந்திருக்கவேயில்லை.