மறுக்க முடியாத ஆசிரியர்

எங்கள் தத்துவப் பேராசிரியரின் படத்திறப்பு நிகழ்ச்சியில் முதலில் பேசிய மாணவர், சார் ஒரு பழுத்த வேதாந்தி என்றார். அடுத்து வந்தவர், பெரியாரை வகுப்பறைக்குள் அழைத்துவந்தவர் என்றார். மூன்றாமவருக்கு அவர் கட்சியில் சேராத மார்க்சியர். ஒருவரும் பொய் சொல்லவில்லை. சங்கரரை நடத்தும் நாளில் சார் சங்கரராகவே மாறி வாதாடுவார். உலகாயதத்தை நடத்தும் நாளில், காலையில் திருநீறு பூசி வந்த பையன் மாலையில் கலங்கிப்போய் விடுதிக்குத் திரும்புவான். எனவே அவரவருக்குக் கிடைத்த சாரை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு. இந்த மூவரில் யாராவது அதே வாக்கியத்தை அவர் முன்னால் சொல்லியிருந்தால், முடிப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதெப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டிருப்பார். இனி கேட்க மாட்டார் என்ற துணிச்சல் எங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டிருந்தது.

ஆசிரியர் இறந்தால் நாம் இழப்பது எதை? அவருடைய கருத்துகளை அல்ல. அவை பழைய நோட்டுகளில் இருக்கின்றன. குரலைக்கூட யாராவது கைபேசியில் பதிந்து வைத்திருப்பார்கள். இழப்பது அவருடைய மறுப்பைத்தான். சாரின் கருத்தை அப்படியே திருப்பி எழுதிய விடைத்தாளின் ஓரத்தில், "இது நான் சொன்னது. நீ என்ன சொல்ற?" என்று பென்சிலால் எழுதியிருப்பார். மதிப்பெண்ணும் குறையும். அப்படிப்பட்ட ஒருவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவராக மாற்றிவிடுவதற்கு மரணம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

சார் மிகவும் விரும்பி நடத்தியது லுட்விக் விட்கன்ஸ்டைனை. அவருடைய தத்துவத்தோடு, அவருக்கும் அவர் மாணவர்களுக்கும் இடையே நடந்தவற்றையும் சொல்வார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில், தன் அறையிலேயே குறிப்பு எதுவும் இல்லாமல் வகுப்பெடுத்தவர் விட்கன்ஸ்டைன். பேச்சு நடுவில் நின்றுபோகும், நீண்ட மௌனம், பிறகு, தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி தொடங்குவார். வகுப்பு முடிந்ததும் களைத்துப்போய், மாணவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். தத்துவத்தைத் தொழிலாக்கிக்கொள்ள வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்தார். அதைக் கேட்டுப் பிரான்சிஸ் ஸ்கின்னர் என்ற கணித மாணவர் இயந்திரத் தொழிலாளியானார். மாரிஸ் ட்ரூரி மருத்துவரானார்.

அமெரிக்காவிலிருந்து வந்து படித்த நார்மன் மால்கமின் அனுபவம் இன்னும் கடுமையானது. 1939இல், ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பிரிட்டனே காரணம் என்று ஜெர்மனி குற்றம்சாட்டிய செய்தியை, ஆற்றோரம் நடந்துபோகும்போது இருவரும் பார்த்தார்கள். அது உண்மையாக இருந்தாலும் வியப்பில்லை என்றார் விட்கன்ஸ்டைன். அப்படிச் செய்வது பிரிட்டிஷ்காரர்களின் தேசியக் குணத்துக்கே ஒவ்வாது என்றார் மால்கம். ஆசிரியர் கொதித்துப்போனார். வகுப்புக்கு முன் அவரோடு உலாவப் போகும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1944இல், கடற்படையில் இருந்த மால்கமுக்கு அதை நினைவூட்டிக் கடிதம் எழுதினார். தர்க்கத்தின் நுட்பமான கேள்விகளைப் பற்றி நயமாகப் பேச மட்டும் தத்துவம் உதவி, அன்றாட வாழ்வின் முக்கியமான விஷயங்களில் சிந்தனையைச் சீராக்கவில்லை என்றால் அதைப் படித்து என்ன பயன் என்பது அதன் சாரம். ஒரு மாணவனின் ஒரே ஒரு சோம்பல் வாக்கியத்தை ஐந்து ஆண்டுகள் மனதில் வைத்திருந்து மறுப்பதற்கு, அந்த மாணவன் மீது எவ்வளவு அக்கறை இருக்க வேண்டும்!

விட்கன்ஸ்டைன் 1951 ஏப்ரல் 29இல், 62ஆம் பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள், புற்றுநோயால் இறந்தார். நினைவு தப்புவதற்கு முன், தான் அருமையான வாழ்க்கை வாழ்ந்ததாக நண்பர்களிடம் சொல்லும்படி மருத்துவரின் மனைவியிடம் கூறினார். மால்கமுக்கு அது புரியவில்லை. கடும் துயரில் உழன்ற மனிதர் என்றே அவர் தன் ஆசிரியரை எண்ணியிருந்தார். 1958இல் வெளியான தன் நினைவுநூலில் அப்படித்தான் எழுதினார். பின்னாளில் அந்த எண்ணம் தவறு என்று தானே திருத்திக்கொண்டார். ஆசிரியர் போன பிறகும் அவரைப் பற்றிய தன் முடிவு அசையும்படி விட்டுவைத்திருந்தார் மால்கம்.

ட்ரூரிக்கு நேர்ந்தது இன்னும் சிக்கலானது. இறந்தவரை எப்படி அடக்கம் செய்வது என்று நண்பர்களுக்குத் தெரியவில்லை. மாணவி ஆன்ஸ்கோம் போன்ற சிலர் கத்தோலிக்கர்கள். விட்கன்ஸ்டைனோ எந்தத் திருச்சபையின் வழிபாட்டையும் பின்பற்றாதவர். அப்போது ட்ரூரிக்கு ஒரு பழைய உரையாடல் நினைவுக்கு வந்தது. திருச்சபையைக் கடுமையாக விமர்சித்த டால்ஸ்டாய், தன் சகோதரர் இறந்தபோது பாதிரியாரை அழைத்து முறைப்படி அடக்கம் செய்தார். தானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று விட்கன்ஸ்டைன் சொல்லியிருந்தார். ட்ரூரி இதைச் சொன்னதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாதிரியார் வந்து கல்லறையருகே ஜெபித்தார். ஆனால் அன்று செய்தது சரிதானா என்ற கலக்கம் ட்ரூரியை விடவேயில்லை.

அந்தக் கலக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். டால்ஸ்டாய் பற்றிச் சொன்னது, தன் சகோதரருக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கான பதில். தனக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அல்ல. வேறு இடத்தில் சொன்ன ஒன்றை எடுத்து இங்கே பொருத்த வேண்டிய நிலை. வேறு வழியில்லை, ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். ஆசிரியரின் பெயரால் ஒன்றைச் செய்தார் ட்ரூரி. ஆனால் அவர் சம்மதித்துவிட்டதாகத் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. படத்திறப்பில் பேசிய எங்களிடம் இல்லாமல்போனது அதுதான்.

அப்படியென்றால், ஒவ்வொரு முடிவின்போதும் சார் என்ன கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் போதுமா? நானும் முயன்று பார்த்தேன். கட்டுரை ஒன்றை எழுதி முடித்தால் அவருடைய ஆட்சேபத்தையும் மனதில் எழுதிப் பார்ப்பேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் கற்பனையில் வரும் சார், என்னால் பதில் சொல்ல முடிந்த கேள்விகளை மட்டுமே கேட்கிறார். பதில் தெரியாத கேள்வியை எனக்கே நான் எப்படித் தயாரித்துக் கொடுக்க முடியும்? எனக்குத் தோன்றாததைக் கேட்பதால்தானே அவர் ஆசிரியர்! கூச்சம் வரும் இடம் நமக்கே தெரியும். அங்கே நம் விரலே நம்மை மெல்லத்தான் தொடும்.

ஆகவே ஆசிரியரின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையைச் செய்ய முடியாது. அதற்கு உயிருள்ள ஆட்கள் வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிளேட்டோவின் கல்விக்கூடத்தில் இருந்த அரிஸ்டாட்டில், தன் ஆசிரியரின் மையக் கோட்பாட்டையே பிறகு எதிர்த்தார். அதை நன்றிகெட்டதனம் என்று எண்ணுவோர் உண்டு. ஆசிரியர் கற்றுத்தந்த பழக்கத்தை ஆசிரியர் மீதே பிரயோகிக்கும் அளவுக்கு அவர் அதைக் கற்றுக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது நான் எழுதுவதை முதலில் காட்டுவது, என்னோடு அநேகமாக எதிலும் ஒத்துப்போகாத ஓர் இளம் தோழிக்கு. சாரை அவள் பார்த்ததில்லை. அவர் மீது பக்தியும் கிடையாது. இந்தக் கட்டுரையையும் படித்துவிட்டு, "உங்க சார் சொன்னதெல்லாம் சரின்னு மட்டும் எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை. சாருக்கு நான் செய்யும் மரியாதை, அந்தக் கேள்வியை அவர் பெயரைச் சொல்லி அடக்காமல் இருப்பதுதான்.