எள்ளலும் நகையும்

நகைப்பு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என அதனை இருவகையாக விளக்கினார் பேராசிரியர். இவ்விருவகை நகைப்பும் ஒரே மேடையில் மோதிக்கொண்ட வரலாறு அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது.

19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறினர். கறுப்பரைச் சோம்பேறிகளாகவும் அறிவிலிகளாகவும் நடித்துக் காட்டி மக்களைச் சிரிக்க வைத்தனர். அம்மேடைப் பாத்திரமாகிய 'ஜிம் குரோ'வின் பெயரே பின்னர் இனவொதுக்கல் சட்டங்களுக்கும் வழங்கலாயிற்று. ஓர் இனத்தைச் சிரிப்புக்குரியதாக்கிவிட்டால், அதன் உரிமையைப் பறிப்பதும் எளிதாகிவிடுகிறது.

பெர்ட் வில்லியம்ஸ் கறுப்பினத்துப் பெருங்கலைஞர். 1910இல் நியூயார்க்கின் புகழ்மிக்க சீக்ஃபெல்டு கலைநிகழ்ச்சியில் இடம்பெற்றார். கறுப்பராகிய அவரும் கரி பூசியே நடித்தார்! ஆயினும், அக்கோமாளி வேடத்துள் தனிமையில் வாடும் ஒரு மனிதனை அவர் காட்டினார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின், 2003இல், டேவ் சப்பெல் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். தம் இனத்தார்மீது சுமத்தப்பட்ட இழிவுக் கற்பனைகளை மிகைப்படுத்திக் காட்டி, அவற்றின் பொய்மையை நகையாடினார். ஒருநாள் கரிமுக வேடத்தில் ஒரு காட்சியை நடித்தபோது, உடனிருந்த வெள்ளையர் ஒருவரின் சிரிப்பு அவர் உள்ளத்தை உறுத்தியது. இழிவுக் கற்பனையைக் கண்டு சிரித்தாரா, இனத்தையே கண்டு சிரித்தாரா என்னும் ஐயம் எழுந்தது. 2005இல், ஏறத்தாழ 5 கோடி டாலர் மதிப்புடையதெனக் கூறப்பட்ட ஒப்பந்தத்தைத் துறந்து அவர் வெளியேறினார். அதற்குரிய காரணங்களுள் அச்சிரிப்பும் ஒன்றென 2006இல் எடுத்துரைத்தார்.

அங்ஙனமாயின், இத்தகைய நகைச்சுவையைக் கைவிடுதல் வேண்டுமா? வேண்டா. மௌனத்தால் இழிவுக் கற்பனை அழிவதில்லை. பேசப்படாமலே தலைமுறைதோறும் தொடர்கிறது. அதனை வெளிச்சத்திற்குக் கொணர்ந்து நகைக்கும் உரிமை, அதனால் துன்புற்றவனுக்கு உண்டு. ஆனால், கலைஞன் கருதிய பொருளைக் கேட்போன் தலைகீழாக்கிவிட இயலும். தன்மானத்திற்காகச் சொல்லப்பட்ட சொல், பழைய பகைக்கே தீனியாகவும் கூடும்.

எனவே, நகைச்சுவையின் அறத்தைக் கலைஞன் ஒருவன்மீதே சுமத்துதல் முறையன்று. சிரிப்பவனுக்கும் அதில் பங்குண்டு. இலக்கியச் சுவையைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், "ஏன் சிரித்தோம்?" என்பதோடு நில்லாது, "யாரைக் கண்டு சிரித்தோம்?" என்றும் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்.