இன்மையோ, உள்பொருளோ

வாகரைக் கரையூர்களிலே வந்தவரை வெற்றிலை வட்டா வைத்து உபசரிப்பது பழைய வழக்கம். பாக்கையும் புகையிலையையும் சுண்ணாம்போடு பல்லாண்டு அடக்கிய கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணொன்று தடித்து, வாய் திறப்பதே பிரயாசையாகும்போது, வீட்டார் அதனைக் கர்மவியாதி என்று சொல்லி, வெருகல் சித்திரவேலாயுதருக்கு நேர்த்தி வைக்கின்றனர். இலங்கை ஆண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய் இவ்வாய்ப்புற்றே. அப்புண்ணின் கலங்களுக்குள் நிகழ்வதோ வினைக்கொள்கையைக் காட்டிலும், சைவ சித்தாந்தம் கூறும் ஆணவமலத்தைப் பற்றிய பழைய வாதமொன்றையே எனக்கு நினைவூட்டுகிறது.

கலங்களைக் காக்கும் பி53 என்னும் புரதம் 393 அமினோ அமிலங்களாலானது. டி.என்.ஏ. இழை அறுந்தவுடன் இது பெருகி, கலப்பிரிவை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தருகிறது. பழுது மிஞ்சிவிடின் கலத்தைத் தானே மடியச் செய்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இதன் பரம்பரையலகு விகாரப்பட்டிருக்கிறது.

அறியாமை என்பது அறிவின் இன்மையே, அதற்குத் தனியே ஒரு பொருண்மை வேண்டா என்று வாதித்தோருக்கு, ஆணவம் வெறும் இன்மையன்று, உயிரின் அறிவை மறைத்து நிற்கும் உள்பொருளே என்று விடையிறுத்த சித்தாந்திகள், செம்பிற் களிம்பை உவமை காட்டினர். பி53இன் விகாரமும் பெரும்பாலும் அத்தகையதே. வேறு சில காவற் புரதங்கள் இல்லாதொழிவதாற் கேடு விளைய, இங்கோ ஓரிடத்தில் மாறுபட்ட புரதம் சிதையாமற் கலத்திலே குவிகிறது. நான்கு நான்காய்க் கூடியே தொழில் புரிவது இதன் இயல்பாதலால், குறையுற்றவை நல்லவற்றோடும் கூடி, அவற்றை டி.என்.ஏ.யைப் பற்றவொட்டாமற் செய்கின்றன. 1979இல் கண்டறியப்பட்ட இப்புரதத்தைப் பத்தாண்டுக் காலம் விஞ்ஞானிகள் புற்றைத் தூண்டுவதென்றே மயங்கியதற்கும், அவர்கள் முதலிற் பிரதிசெய்து ஆராய்ந்தவை விகாரப்பட்டவையாயிருந்ததே காரணம்.

ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்தல் தகாது. ஆணவம் உயிரோடு அநாதியே உள்ளது. கன்னத்துக் கலத்தின் விகாரமோ ஒரு நாளிலே தொடங்கியது. புரதம் சடம், அதற்குப் புண்ணியமுமில்லை, பாவமுமில்லை, அதிலே நோயாளியின் முற்பிறவிக் கணக்கை வாசிப்பது கொடுமை. மேலும், முத்தியிலும் ஆணவம் அழியாது, அதன் சத்தி மடங்குவதே உண்டென்பர். மருந்தாய்வாளரிற் சிலரோ கோணிய புரதத்தின் வடிவை நிமிர்த்தி, அதனையே மீண்டும் காவலில் நிறுத்த முயல்கின்றனர். களிம்பைச் செம்பாக்கப் பார்க்கும் இம்முயற்சிக்கு ஒப்பானதொன்றைச் சித்தாந்தத்தில் நான் காணேன்.