கிரகணமும் அச்சமும்

2019 டிசம்பர் 26 அன்று மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் வளையக் கிரகணம் தோன்றியது. அதன் நேரம் முன்பே கணிக்கப்பட்டிருந்தது. ஆயினும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றிலும் கருவுற்ற பெண்களை உள்ளறையில் இருத்திக் கதவடைத்தனர். பாம்பு விழுங்கும் கதையை நம்பாதவர்களும் அப்பாம்புக்கு அஞ்சினர்!

கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே, சந்திரன் குறுக்கிடுவதால் சூரியன் மறைகிறது என்றார் கிரேக்க ஞானி அனக்ஸகோரஸ். சூரியன் தெய்வமன்று, கனன்றெரியும் கல் என்றதற்காக ஏதென்ஸ் நகரார் அவர்மீது தெய்வநிந்தனைக் குற்றம் சாட்டினர்.

ஹிஜ்ரி 10இல் அண்ணலாரின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் பிடித்தது. அம்மரணமே காரணம் என மக்கள் பேசினர். தம் வீட்டுத் துயரைப் பெருமைப்படுத்திய அப்பேச்சை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மறுத்தார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் உண்டாவதில்லை என்றார்கள். உடனே தொழவும் ஏவினார்கள்.

காரணம் தெரிந்தபின் தொழுகை எதற்கு என இளைஞர் சிலர் வினவுகின்றனர். கிரகணக் கணிதத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்போர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கின்றனர் என்று 'தஹாஃபுத்' நூலில் கண்டித்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், அத்தொழுகையை விடச் சொல்லவில்லை. உச்சிப்பொழுது சாய்வதன் காரணத்தையும் நாம் அறிவோம். அதனால் லுஹரை விட்டுவிடுகிறோமா?