பொந்துக்கு வெளியே

ராஜினாமா கடிதம் மூன்று மாதமாக என் கைப்பேசியில் கிடக்கிறது. தேதி மட்டும் போடவில்லை. பத்து பாகாட்டில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. ஞாயிறானால் கேமராவோடு பாரிட் ஜாவா கரைக்குப் போய்விடுவேன். சேற்றில் நிற்கும் பூரோங் போத்தாக் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை மறந்துபோகும்.

அம்மாவிடம் சொன்னேன். “காட்டக் காப்பாத்தப் போறியா, இல்ல உன் ஆசைக்குப் போறியாய்யா? அத மட்டும் தெளிவா சொல்லு” என்றார். தையல் ஆலையில் உழைத்து என்னைப் படிக்க வைத்தவர். பதில் வரவில்லை எனக்கு.

இந்த மாதிரி நேரத்தில் நாம் ஒரு முன்னோடியைத் தேடுவோம். எனக்கு மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் அரசு வேலை வேண்டாமென்று சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பி வாழ்ந்தார். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை இறக்கும்வரை எழுதினார். ஒட்டுப்போட்டுத் தானே சேர்த்த கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார்.

வேலையை விட்டார் என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். விடுவது ஒருநாள் காரியம். அதன்பின் வந்த 46 வருட உழைப்பை வசதியாக மறந்துவிட்டேன்.

போன வருடம் சிலரோடு இருவாச்சிக் கூடு ஒன்றைப் படமெடுக்கப் போனேன். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவு வழியாக ஆண்தான் இரை ஊட்ட வேண்டும். நாங்கள் ஏழெட்டுப் பேர் கீழே லென்ஸைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஆண் தூரத்து மரத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டு மணி நேரம். கடைசியில் படம் கிடைத்தது. ‘இயற்கையைக் காப்போம்’ என்று எழுதி முகநூலில் போட்டேன். பொந்துக்குள் பசியோடு இருந்தது யார் என்று அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

அம்மா கேட்டதும் இதைத்தான். ஆசை தப்பில்லை. அதற்குச் சேவை என்று பேர் வைத்து, விலையை இன்னொருவர் தலையில் கட்டுவதுதான் தப்பு.

மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று 2016–2020 தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அதற்கு உதவியவை மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராக்கள். அவற்றில் விழும் படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, விலாவின் வரிகள் தெரிந்தால் எந்தப் புலி என்று சொல்லிவிடலாம். அந்தப் படத்தை யாரும் ஃபிரேம் போட்டு மாட்டுவதில்லை. ஆனால் அதற்காக யாரோ காட்டில் நடந்திருக்கிறார்கள்.

கடிதத்தை அழிக்கவில்லை. கல்விக்கடன் தீரும் மாதத்தைக் கணக்குப் போட்டு அதில் தேதி எழுதிவிட்டேன். அதுவரை கூடுகள் பக்கம் போவதில்லை. பாரிட் ஜாவாவில் நாரைகளை எண்ணி நோட்டில் குறித்து வருகிறேன். அம்மாவிடம் காட்டினேன்.

“போன வாரம் பன்னெண்டு, இந்த வாரம் ஒம்பதுதானா? மத்த மூணு எங்கய்யா?”

என் எந்தப் படத்துக்கும் அவர் இப்படிக் கேட்டதில்லை.