எழுதுவதும் வெளியிடுவதும்

2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அக்காலம் முதல் நாமும் காலக்ஷேபத்தில் கேட்டவற்றை இணையத்தில் எழுதி வருகிறோம். ஒருமுறை ஓர் அர்த்தத்தைத் தவறாகக் கேட்டு, அன்றிரவே வெளியிட்டோம். திருத்துவதற்குள் அது பல ஊர் அடியார்களைச் சென்றடைந்துவிட்டது.

நம்பிள்ளை பகலில் ஸாதித்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் நினைவுக்காக இரவில் ஏடுபடுத்தினார். நியமனமின்றி எழுதியதென்று ஆசார்யன் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளித்தருளினார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. எழுதியிராவிடில் நமக்கு ஈடு இல்லை. காத்திருந்ததால் அதன் பெருமை குறையவுமில்லை.

வங்கியில் ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்த்த பின்பே கணக்கில் ஏற்றினோம். பணத்துக்குக் காட்டிய அந்த எச்சரிக்கையைப் பூர்வாசார்யர் ஸ்ரீஸூக்திக்குக் காட்டாதது நம் குற்றமே. இப்போதும் எழுதுகிறோம், அறிந்த பெரியோர் ஒருவர் கடாக்ஷித்த பின்பே வெளியிடுகிறோம்.